என் ரத்தத்தில் நான்கு மில்லி

தாதர் கிழக்கில், இஸ்திரிக் கடைக்கு மேல்மாடியில்
அந்த க்ளினிக். லிஃப்ட் கிடையாது.
முட்டி போனவர்கள் ஏறி வர
முப்பத்தாறு படி வைத்திருக்கிறார்கள்.

நஸ்ரீன் முப்பது மில்லி எடுத்தாள்.
"நரம்பு தேடவே வேண்டாம், கயிறு மாதிரி கிடக்கு"
என்று இந்தியில் சிரித்தாள்.
அமலோற்பவம் என்று முழுசாக எழுத
குழாயில் இடமில்லை.
"அமலோ" மட்டும் இயந்திரத்துக்குள் போனது.

ஊறிய அரிசி போட்ட கிரைண்டர் போல
முதலில் முனகியது, பிறகு சீரானது.
ஜன்னலுக்கு வெளியே ஜூலை,
தார்ப்பாயிலிருந்து தார்ப்பாய்க்கு ஒழுகியபடி.

திறந்தபோது
சிவப்பெல்லாம் அடியில் உட்கார்ந்திருந்தது.
மேலே நின்றது
ரசத்துக்கு இறுத்த பருப்புத் தண்ணீர்.
அதுவும் நான்தானாம்.
"தட்டணுக்கள் இதில்தான்.
கிழிந்த இடத்துக்கு ஆள் அனுப்புகிறோம்,
அவ்வளவுதான்" என்றார் டாக்டர் சித்ரே.
"சிலருக்குக் கேட்கும். சிலருக்குக் கேட்காது.
உனக்கு எப்படியென்று சொல்ல
என்னால் முடியாது."

மீதி ரத்தம் என்னவாகும் என்று கேட்டேன்.
நஸ்ரீன் மஞ்சள் வாளியைக் காட்டினாள்.
பதினோரு வருஷம் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
என்னை ஓட்டியது
"தொப்" என்று அதில் விழுந்தது.

தன் ரத்தமே தனக்குதவி.
பதினெட்டாயிரம் ரூபாய்.
ஏலச்சீட்டில் ஏழாயிரம் தள்ளி எடுத்தேன்.

சாம்பல் திரையில் முட்டிச்சில்லுக்குக் கீழே
என் நாண் தெரிந்தது:
நனைந்து பிரிந்த தேங்காய்நார்.
"மூச்சை விடு" என்றார்.
எனக்கு விடத் தெரியாது டாக்டர்,
பிடிக்கத்தான் தெரியும்.

ஊசி என் களத்துக்குள் ரெய்டு வந்தது.
கபடி கபடி கபடி
பிடிக்கக் கூடாது இன்றைக்கு
கபடி கபடி
இடது ஓரம் தொட்டது
கபடி
நடுவில் தொட்டது, உள்ளே
எரிகிற எண்ணெயை ஊற்றியது
கபடி கபடி கபடி கபடி
அது கோட்டுக்குத் திரும்பும்வரை
அதற்காகப் பாடியதும் நான்தான்.

வெளியே பார்த்தால் கொசு கடித்த அளவு.

"இரண்டு வாரம் வலி மாத்திரை தொடாதே.
வீங்கட்டும். வலிக்கட்டும்.
அதை அடக்கினால் இதுவும் அடங்கிவிடும்."
சிரிப்பு வந்துவிட்டது.
பூசையில் நன்மை வாங்குவது போல
வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்
மாத்ரே சார் கொடுத்த மாத்திரைகள்
எத்தனை என்று யார் கணக்கு வைத்தது?
வலி சொல்ல வந்ததையெல்லாம்
வாசலிலேயே நிறுத்தி அனுப்பியவள்
இப்போது நாற்காலி போட்டு
உட்கார வைக்க வேண்டுமாம்.

மூன்றாம் ராத்திரி
முட்டியில் தோசை வார்க்கலாம் போலிருந்தது.
பையின் பக்கவாட்டு ஜிப்பில்
ஐந்து மாத்திரை மிச்சமிருந்த அட்டை.
எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.
தாராவிக்கு மேலே விமானம் ஒன்று
கூரையை உரசுவது போல இறங்கியது.

காலையில் சுரேகா வந்தாள். லெஃப்ட் கார்னர்.
ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அரையிறுதி,
கணுக்காலில் கட்டு.
அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டேன்.
அவளும் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

செப்டம்பரில் ரயில்வே தேர்வு.
நான் எண்ணுவது
குர்லா மேம்பாலப் படிகளை.

முதல் வாரம், கைப்பிடியைப் பிடித்து,
ஒன்பதாம் படியில் வலி.
நான்காம் வாரம் பதினேழில்.
இன்று,
மீன்கூடையும் லேப்டாப் பைகளும்
முதுகில் முட்டித் தள்ள,
பதினேழு போனது. இருபத்தைந்து போனது.
காணோமே என்று
கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.
முப்பத்தொன்றில் வந்தது.

வரட்டும்.
இந்த ஊரில்
தாமதம் என்று அறிவித்தால்
வண்டி ரத்தாகவில்லை என்று அர்த்தம்.